தளையறுத்த கவர்னர்

சமத்துவம் பேசுவோர் பலர்; அதன்பொருட்டுத் தம் மடியை அவிழ்ப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் எட்வர்ட் கோல்ஸ் என்பார். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இல்லினாய்ஸ் மாகாணத்தின் இரண்டாவது கவர்னராக விளங்கிய இவரது வரலாறு நாம் அறியத்தக்கது.

1786-ஆம் ஆண்டு வர்ஜீனியா மாகாணத்துத் தோட்ட முதலாளி ஒருவரின் மைந்தராகப் பிறந்தார் கோல்ஸ். அந்நாளில் அங்கே தோட்ட வேலை முழுதும் நீக்ரோ அடிமைகளின் தோள்மீதே நின்றது. கல்லூரியிற் பயிலுங்கால், மனிதனை மனிதன் உடைமையாகக் கொள்ளுதல் முறையோ என்ற வினா அவருள்ளத்தில் எழுந்தது. முறையன்று எனில், தாம் அடிமைகளை வைத்திருப்பதும் அடாது என்று துணிந்தார். 1808-ல் தந்தையார் மறைய, நிலத்தோடு அடிமைகளும் அவர் பங்கில் வந்தனர்.

பின்னர் ஜனாதிபதி மாடிஸனின் அந்தரங்கக் காரியதரிசியாக அமர்ந்தார். 1814-ல், மாந்தர் யாவரும் சமமென்று சுதந்திரப் பிரகடனம் தீட்டிய ஜெபர்ஸனுக்குக் கடிதம் வரைந்து, அடிமை ஒழிப்புக்குத் தலைமை தாங்குமாறு வேண்டினார். தமக்கு முதுமை வந்துவிட்டதென்றும், அப்பணி இளைஞருக்குரியதென்றும் விடை வந்தது. பெரியவர் கைவிட்ட பணியை இளைஞர் மேற்கொண்டார்.

விடுதலை பெற்ற அடிமை ஓராண்டுக்குள் வெளியேற வேண்டுமென்பது வர்ஜீனியாவின் சட்டம். ஆகவே 1819-ல் கோல்ஸ் தம் அடிமைகளுடன் இல்லினாய்ஸுக்குப் புறப்பட்டார். ஒஹையோ நதியிற் படகு மிதந்து செல்கையில், அவர்களை ஒருங்கே கூட்டி, “இக்கணமுதல் நீங்கள் சுதந்திரர்” என்று அறிவித்தார். சிறிது நேரம் எவர் வாயிலும் சொல் எழவில்லை. பின்பு கண்ணீர் பெருகியது. குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் நிலமும் அளித்தார்.

புதுக் குடியேற்றமாகிய இல்லினாய்ஸில் அடிமை முறைக்குச் சட்டத்தில் தடையுண்டு. ஆயினும் பழைய அடிமைகள் விடுவிக்கப்படவில்லை. வேறு பலர் நெடுங்கால ஒப்பந்தத்திற் கட்டுண்டு, ஏட்டில் ‘ஊழியர்’ எனப் பதியப்பட்டனர். ஏட்டில் பெயரை மாற்றினால் காலில் விலங்கு கழன்றுவிடுமோ?

1822-ல் நால்வர் போட்டியிட்ட தேர்தலில், மூன்றிலொரு பங்கு வாக்குகளே பெற்றும் கோல்ஸ் கவர்னரானார். எஞ்சிய அடிமைகளை விடுவிக்கவேண்டுமென முதலுரையிலேயே வற்புறுத்தினார். வெகுண்ட எதிர்க்கட்சியார், அரசியற் சட்டத்தையே மாற்றி அடிமை முறையைப் புகுத்த முனைந்தனர். அதற்கெனப் பொதுஜன வாக்கெடுப்பு நடத்தச் சட்டசபையில் ஒரு வாக்குக் குறையவே, இணங்காத அங்கத்தினர் ஒருவரை நீக்கி, அவரிடத்தில் தமக்கு இணங்கியவரை அமர்த்தித் தீர்மானத்தை நிறைவேற்றினர்.

கோல்ஸ் தளரவில்லை. தம் நான்காண்டுச் சம்பளமாகிய 4,000 டாலரையும் அப்போராட்டத்திற்கு ஈந்தார். பத்திரிகை வாயிலாக ஊர்தோறும் உண்மையைப் பரப்பினார். 1824 ஆகஸ்டில் மக்கள் தீர்ப்பளித்தனர்: அடிமைக் கட்சிக்கு 4,972 வாக்குகள், எதிராக 6,640. வாக்குரிமை வெள்ளை ஆடவர்க்கே உரியதாயிருந்த நாளில் கிடைத்த வெற்றி இது!

இதற்கிடையே, பிணைப் பத்திரம் எழுதாமல் அடிமைகளை விடுவித்தார் என்று அவர்மீதே வழக்குத் தொடர்ந்து, 2,000 டாலர் தண்டம் விதித்தனர். நன்மை செய்தவனுக்கு நாடு கொடுத்த பரிசு! 1826-ல்தான் மாகாண உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. அவ்வாண்டே அவர் பதவிக்காலமும் முடிந்தது. பின்னர்க் காங்கிரஸ் சபைக்கு நின்று தோற்றார். பிலடெல்பியா சென்று வாழ்ந்தார். உள்நாட்டுப் போரில் அவர் மகன் ஒருவன் அடிமை மாகாணங்களின் படையிற் சேர்ந்து 1862-ல் மாண்டான். தந்தையின் கொள்கை தனயனுக்கு எட்டவில்லை. எனினும் 1865-ல் நாடெங்கும் அடிமை முறை ஒழிந்ததைக் கண்டபின்னரே, 1868-ல் கோல்ஸ் கண்மூடினார்.

ஜெபர்ஸனை உலகம் அறியும்; கோல்ஸை அறிந்தோர் சிலரே. ஆனால் ஒஹையோ நதியில் அன்று கண்ணீர் வடித்தோர்க்கு விடுதலை தந்தது, ஏட்டில் எழுதிய சமத்துவமா, படகில் நின்று வழங்கிய சமத்துவமா? அன்பர்களே, சிந்திப்பீராக!