சிங்கராஜாவின் லொறிப் பாதை

குடாவைக் கிராமத்திலிருந்து இலங்கையின் சிங்கராஜா வனத்துக்குள் நான் நடக்கும் அகலமான பாதை, மரம் ஏற்றும் லொறிகளுக்காக வெட்டப்பட்டது. அடிவாரத்துக் கிராமத்தவர் கித்துள் மரத்துப் பாணி காய்ச்சிப் பிழைத்த காடு இது. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கள் நுழைந்தன. கள்ளத்தனமாக அல்ல, அரச அனுமதியுடன். அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. தேர்ந்த மரங்களை மட்டும் வெட்டுவதாகத் திட்டம். ஆனால் ஓங்கி வளர்ந்த ஹொர மரம் சாய்ந்தால் கொடிகள் பிணைத்த அயல்மரங்களையும் இழுத்துக்கொண்டே விழும். கட்டையை இழுக்கும் இயந்திரம் நாற்றுகளை நசுக்கி மண்ணை இறுக்கும். சூழலியலாளர்களும் பொதுமக்களும் விடாமல் எதிர்த்தார்கள். 1977இல் வெட்டு நின்றது. 1988இல் யுனெஸ்கோ இந்தக் காட்டை உலக மரபுரிமையாக அறிவித்தது. பாதையோரம் வெட்டுக்குப் பின் முளைத்த மரங்கள் இப்போதும் மெலிந்தே நிற்கின்றன.