மடிப்புத் தலைக்கவசம்

பயன்படுத்தாத வேளையில் மடித்துப் பைக்குள் வைக்கக்கூடிய சைக்கிள் தலைக்கவசம். வழக்கமான கவசத்தில் அடியைப் பெரிதும் தாங்குவது உள்ளேயுள்ள ரெஜிபோம். மோதலில் அது நசுங்கி விசையை உறிஞ்சுகிறது. நசுங்கத் தடிப்பு வேண்டும், தடிப்பானதோ இலகுவில் மடியாது. வடிவமைப்பாளருக்குத் தலையிடி அங்கேதான்.

பிரித்தானியரான ஜெஃப் வுல்ஃபின் ‘மோர்ஃபர்’ நடுக்கோட்டில் மடிந்து தட்டையாகிறது. இன்னும் துணிச்சலானது நியூயோர்க் வடிவமைப்பாளர் ஐசிஸ் ஷிஃபரின் ‘எக்கோ ஹெல்மெற்’. மீள்சுழற்சித் தாளாலான தேன்கூட்டு அறைகள் விசிறிபோல் விரிந்து தலையைச் சுற்றி நிற்கும். அறைகள் விசையைப் பகிர்ந்துகொள்ள, மேற்பூச்சு மழையைத் தடுக்கும். வாடகைச் சைக்கிள் எடுப்போரை மனதிற்கொண்டு உருவான இதற்கு 2016இல் ஜேம்ஸ் டைசன் விருது கிடைத்தது. தாள் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு: தடித்த தேன்கூட்டுத் தாள் நசுங்குவதிலும் கெட்டிக்காரன்.

ஐரோப்பியச் சைக்கிள் கவசத் தரமான ஈ.என். 1078இன்படி, தட்டையான பரப்பில் நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதிப்பார்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு அந்தத் தரம் போதாது. மானிப்பாயிலிருந்து சண்டிலிப்பாய் ஊடாகக் காரைநகர் போகும் வீதியிலும், இலங்கைச் சட்டப்படி ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் முறையான கவசம் அணிய வேண்டும். வண்டியை நிறுத்தியதும் அதைப் பக்கக் கண்ணாடியில் கொழுவிவிட்டுப் போக வேண்டியதுதான்.