பட்டன் தேயாவிட்டாலும் டயருக்கு வயதாகும்: கரும்பு டிரெய்லர் வைத்திருப்போர் கவனத்துக்கு

கரும்பு வெட்டு தொடங்கியதும், பல மாதங்களாகக் களத்து ஓரத்தில் நின்ற டிரெய்லரை டிராக்டரில் மாட்டிப் பாரம் ஏற்றி ஆலைக்கு அனுப்புகிறோம். டயரில் பட்டன் நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் பாதி வழியில் வெடிக்கும். காரணம் தேய்மானம் அல்ல, வயது.

வெயிலும் சூடும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரை இறுகச் செய்து, வெடிப்பு விடவைக்கின்றன. டயர் ஓடும்போது ரப்பரில் கலந்துள்ள பாதுகாப்பு மெழுகு மேற்பரப்புக்கு வரும். நின்றே இருக்கும் டயரில் இது குறைவு. அதனால் ஓடாத டயரும் கெடுகிறது.

வயதை அறிவது எப்படி?

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால், 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் கடைக்காரரிடம் காட்டிச் சோதியுங்கள். பத்து ஆண்டுகள் ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள். ரீட்ரெடிங் செய்தாலும் பழைய டயரின் வயது குறையாது.

புறப்படும் முன்

• பக்கவாட்டில் வெடிப்பு, கொப்புளம், நூல் தெரிதல் இருந்தால் அந்த டயரில் பாரம் ஏற்றாதீர்கள்.
• டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு நிரப்புங்கள். காற்று குறைந்தால் பக்கவாட்டு மடங்கிச் சூடேறும்; பழைய டயர் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.
• ஸ்டெப்னி, பாரத்தைத் தாங்கும் ஜாக்கி, சக்கரக் கட்டை, பின்புற ஒளிரும் பட்டை ஆகியவை கட்டாயம்.
• டயர் பழையதென்றால் பாரத்தைக் குறைத்து, மெதுவாக ஓட்டுங்கள்.

வழியில்

இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை ஓரம் கட்டி, ஒவ்வொரு டயருக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் காற்று குறைந்திருக்கலாம், அல்லது பேரிங் பழுதாகியிருக்கலாம். சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள். கரும்பின் மேல் ஆட்களை ஏற்றவே கூடாது.

இரவில் டயர் வெடித்தால், முடிந்தவரை தார்ச்சாலையை விட்டு வண்டியை இறக்குங்கள். பின்னால் வருபவருக்குத் தெரியும்படி தொலைவிலேயே எச்சரிக்கை முக்கோணம் வையுங்கள். விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லரில் மோதித்தான் பல உயிர்கள் போகின்றன.

பருவம் முடிந்ததும்

பாரத்தை இறக்கி, அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துங்கள். டயரை வெயில் படாமல் மூடுங்கள். டீசல், ஆயில் சிந்தினால் உடனே கழுவுங்கள்.

வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைத்தால்தான் எடையும் சர்க்கரையும் குறையாது. டயர் வெடித்து ஓர் இரவு சாலையில் நின்றால் அந்த இழப்பும் உங்களுக்கே. எனவே, வெட்டு உத்தரவு வரும் முன்பே டயரின் எண்ணைப் பாருங்கள்.