பார்

வடசென்னையின் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் பகலில் 'பார்' என்றால் கம்பி. ரவுண்ட் பார், ஸ்கொயர் பார், ஃபிளாட் பார் என்று தடிமன் கேட்டு எடை போட்டுக் கொடுப்பார்கள். ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) இரும்பு வியாபாரத்துக்கு இங்கே இடம் ஒதுக்கியபோது, இந்தச் சொற்களும் சரக்கோடு லாரி ஏறி வந்தன. பொழுது சாய்ந்தபின் ஒரு லோடுமேன் "பார்ல இருக்கேன்ணே" என்று போனில் சொன்னால் அது வேறு பார்.

வேறு என்றாலும் சொல் ஒன்றுதான். பழைய பிரெஞ்சில் கட்டை, கம்பி, தாழ்ப்பாள் என்று பொருள்பட்ட சொல், ஆங்கிலத்துக்குப் போய்க் குறுக்கே கிடக்கும் எல்லாவற்றுக்கும் பெயரானது. நீதிமன்றத்தில் குறுக்கே நின்ற கட்டையால் வழக்கறிஞர்களுக்கு 'பார் கவுன்சில்' வாய்த்தது. எண்ணூர் முகத்துவாரத்தை அடைக்கும் மணல்திட்டையும் ஆங்கிலேயர் அதே சொல்லால்தான் குறிப்பார்கள். (முத்துக்குளிப்போரின் 'முத்துப்பார்' இதற்கு உறவில்லை. கடலடிப் பாறைத்திட்டைக் குறிக்கும் அது நம் சொல்.) மதுக்கடையில், விற்பவனையும் குடிப்பவனையும் பிரிக்கும் பலகை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'பார்' ஆனது; பிறகு அந்த அறைக்கும், கடைசியில் கடை முழுவதற்கும் அதே பெயர் நின்றுவிட்டது. பிரிட்டனில் பழைய மதுக்கூடங்களின் உட்புறத்தைப் பாதுகாக்கப் பட்டியல் போடுகிறவர்கள் தேய்ந்து பளபளக்கும் அந்தப் பலகையையும் தேடுகிறார்கள்.

நமக்கோ அடையாளம் கொடி. காவிரிப்பூம்பட்டினத்தின் கள்ளுக்கடைக் கொடியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. மதுரைக்காஞ்சியிலும் கள்ளின் கொடி உண்டு. கள், நறவு, தேறல், தோப்பி, பிழி என்று குடிக்கிற பொருளுக்குப் பெயர்களை அடுக்கிய மொழி, குடிக்கிற இடத்துக்குக் 'கடை' போதும் என்று இருந்துவிட்டது. தெளிந்தது தேறல், பிழிந்தது பிழி என்று நாக்குக்குத்தான் அத்தனை கவனம். இடத்துக்குத் தனிச்சொல் வேண்டியிருந்த யாழ்ப்பாணத்தார் போர்ச்சுக்கீசியச் சொல்லைத் 'தவறணை' ஆக்கிக்கொண்டார்கள். அந்த ஒலியைத் தமிழ்க்காது தவறோடு சேர்த்துக் கேட்டிருந்தால் வியப்பில்லை.

இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கதை சட்டத்தோடு பின்னியது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்து, 1971இல் தளர்ந்தது. கள்ளுக்கும் சாராயத்துக்கும் 1987இல் தடை விழுந்தபின் நிலைத்தது பாட்டில் சரக்கு. தனியார் ஏலத்தில் எடுத்து நடத்திய கடையைச் சென்னை 'ஒயின் ஷாப்' என்றது. உள்ளே ஒயினைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2003இல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் எடுத்துக்கொண்டபோது கடை அரசுடையது ஆயிற்று. பக்கத்துப் பார் மட்டும் டெண்டர் எடுத்தவர் கையில்.

இந்த இடத்தில்தான் சொல் தலைகீழாகிறது. குறுக்குக் கட்டை இப்போது கடையில் இருக்கிறது. பலகைக்குப் பதில் இரும்புக் கிராதி, கை நுழையுமளவு சந்து; காசு உள்ளே போகும், குவாட்டர் வெளியே வரும். 'பார்' என்று பெயர் பெற்ற இடத்திலோ குறுக்கே ஒன்றும் கிடையாது. தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலி, சுவரோரம் நீளமான சிமென்ட் திண்டு, ஆம்லெட் கல்லின் புகை, தட்டில் சுண்டலும் மாங்காய்ப் பத்தையும். முன்பின் தெரியாத இருவர் ஒரு குவாட்டரைப் பாதியாக்கி 'கட்டிங்' போடுவதும் இங்கேதான்.

டெண்டர் கொடுக்கும் உரிமையும் இரண்டே: தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டிலைச் சேகரிக்கலாம். மது விற்கக் கூடாது. அதாவது, ஆங்கிலத்தில் மது விற்கும் இடத்துக்குப் பெயரான சொல், தமிழ்நாட்டின் டாஸ்மாக் கடையோரத்தில் சட்டப்படி மது விற்காத இடத்துக்குப் பெயர். கடன் வாங்கிய சொல்லை இவ்வளவு துணிச்சலாகப் புரட்டிப் போட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த இரண்டு உரிமையில் ஒன்றும் ஆட்டம் காண்கிறது. பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலியைத் திருப்பினால் கொடுத்துவிடும் முறையை 2022இல் நீலகிரியில் தொடங்கினார்கள். அது வந்த ஊர்களில் காலி பாட்டில் கடைக்கே திரும்புகிறது. பாருக்கு மிஞ்சுவது சுண்டல் வியாபாரம்.