குண்டும் ராக்கெட்டும்: பிரான்ஸ் விட்டுப்போன இன்னொரு சொத்து



புதுச்சேரிக்காரர்களிடம் பிரான்ஸ் என்று சொல்லிப் பாருங்கள். கடற்கரைச் சாலை, போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி, சொல்தா வீடு, பிரெஞ்சு பென்ஷன் என்று அடுக்குவார்கள். அணு உலையையும் ராக்கெட்டையும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து போன பிறகு இந்தியாவுக்குத் தந்தவற்றில் பெரியவை இந்த இரண்டும்தான்! பி.காம் படிக்கிறவனுக்கு ராக்கெட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதில் ஒரு அருமையான வியாபாரக் கணக்கும் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் உலக வரலாறு. குண்டும் ராக்கெட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி லண்டன் மீது வி-2 ஏவுகணைகளை வீசியது. போர் முடிந்ததும் அதைச் செய்த பொறியாளர்களை அமெரிக்காவும் ரஷ்யாவும் பங்கு போட்டுக்கொண்டன. பிரான்சுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அவர்களில் பலர் வெர்னோன் என்ற ஊரில் வேலைக்கு அமர்ந்தார்கள். (இந்த ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.) 1957 அக்டோபர் 4-இல் ஸ்புட்னிக்கைத் தூக்கிச் சென்றதும் அணுகுண்டு சுமப்பதற்காகச் செய்த ஆர்-7 ஏவுகணைதான்.

பிரான்சும் அதே பாதையில்தான் போனது. 1960 பிப்ரவரி 13-இல் அல்ஜீரியாவின் சகாரா பாலைவனத்தில் முதல் அணுகுண்டை வெடித்தது. 1965 நவம்பர் 26-இல் அதே அல்ஜீரியாவிலிருந்து தன் முதல் செயற்கைக்கோளை ஏவியது. 1996 வரை சகாராவிலும் பசிபிக் தீவுகளிலுமாக அது நடத்திய அணுச் சோதனைகள் 210. ஒன்றுகூட பிரான்சின் சொந்த ஐரோப்பிய மண்ணில் இல்லை. காலனி மண்ணில் வளர்ந்த நமக்கு இதன் அர்த்தம் புரியாமல் போகாது.

சரி, இந்தியாவுக்கு வருவோம். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அடுத்த ஆண்டு, 1963 நவம்பர் 21 மாலை, கேரளத்தின் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவுடையது. அது வானத்தில் பரப்பிய சோடியம் ஆவி பிரான்சுடையது. பிறகு பிரெஞ்சு சென்டார் ராக்கெட்டை உரிமம் வாங்கி நாமே செய்யக் கற்றுக்கொண்டோம்.

இப்போது 1974. மே 18-இல் பொக்ரானில் இந்தியா முதல் அணுகுண்டை வெடித்தது. புளுட்டோனியம் கிடைத்தது கனடா உதவியோடு கட்டிய சைரஸ் உலையிலிருந்து. கனடா கோபத்தில் அணு ஒத்துழைப்பை முறித்துக்கொண்டது. அதே 1974-இல்தான் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றோடு நம் விண்வெளித் துறை விசித்திரமான ஒப்பந்தம் போட்டது. வைக்கிங் என்ற திரவ எரிபொருள் எஞ்சினின் தொழில்நுட்பம் நமக்கு. பதிலுக்கு நம் பொறியாளர்களின் சுமார் 100 'மனித ஆண்டு' உழைப்பு அவர்களுக்கு. பணமாகக் கொடுக்க நம்மிடம் ஏது? மூளையைக் கொடுத்து எஞ்சினை வாங்கினோம். சுத்தமான பண்டமாற்று!

நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் தலைமையில் நம்மவர்கள் போய் உழைத்த இடம் எது தெரியுமா? அதே வெர்னோன்தான். அங்கே கற்று நாம் செய்த எஞ்சின் 'விகாஸ்'. 2008-இல் சந்திரயான்-1 போன ராக்கெட்டிலும், 2023-இல் சந்திரயான்-3 போன ராக்கெட்டிலும் அது இருந்தது. நம்பிக்குக் கிடைத்ததோ 1994-இல் ஒரு பொய்யான உளவு வழக்கு. 2018-இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 24 வருடத்துக்கு 50 லட்சம். எந்தப் பேரேட்டிலும் இது சரியாக வராது.

அணு உலைக் கதை நமக்கு இன்னும் பக்கம். ஈ.சி.ஆரில் சென்னை போகும்போது வழியில் வரும் கல்பாக்கத்தில் ஒரு சோதனை வேக ஈனுலை இருக்கிறது. 1969-இல் பிரான்சோடு ஒப்பந்தம் போட்டு, அவர்களுடைய ராப்சோடி உலையை மாதிரியாக வைத்துக் கட்டியது. பொக்ரானுக்குப் பிறகு செறிவூட்டிய யுரேனியம் தர பிரான்ஸ் மறுத்துவிட்டது. நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. புளுட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளைத் தாங்களே செய்து, 1985 அக்டோபரில் உலையை இயக்கிக் காட்டினார்கள். பெருமையான விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் கணக்குப் பதிவியலில் முதல் பாடம் என்ன? பற்று இருந்தால் வரவும் எழுத வேண்டும். 1980-இல் ரோகிணியைச் சுமந்த எஸ்.எல்.வி-3-இன் முதல் அடுக்குதான் 1989-இல் அக்னி ஏவுகணையின் முதல் அடுக்கானது. 2006-இல் அமெரிக்காவோடு அணு ஒப்பந்தம் பேசியபோது எந்த உலைகளைச் சர்வதேச ஆய்வுக்குத் திறப்பது என்று இந்தியா பட்டியல் போட்டது. கல்பாக்கத்தின் ஈனுலைகள் அதில் இல்லை. காரணம் எளிது. ஈனுலை மின்சாரத்தோடு புளுட்டோனியத்தையும் தரும். புளுட்டோனியம் குண்டுக்கும் ஆகும்.

1998 மே மாதம் மறுபடி ஐந்து குண்டுகள் வெடித்தோம். அமெரிக்காவும் ஜப்பானும் தடை போட்டன, பிரான்ஸ் போடவில்லை. 2008 செப்டம்பரில், அணு வணிகத் தடை நீங்கியதும் நம்மோடு முதலில் கையெழுத்திட்டதும் பிரான்ஸ்தான். இது நட்பா, வியாபாரமா? இரண்டும்தான் என்பது என் கருத்து.

ராக்கெட் விட்டால் கைதட்டுவோம், தட்ட வேண்டியதுதான். ஆனால் கல்பாக்கத்தைச் சுற்றியிருக்கும் மீனவ ஊர்களுக்கு உலையைப் பற்றி எவ்வளவு சொல்லப்படுகிறது, எவ்வளவு 'பாதுகாப்பு ரகசியம்' என்று மூடப்படுகிறது? குண்டும் மின்சாரமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்வரை இந்த மூடி திறக்காது. கணக்கைக் காட்டாத நிறுவனத்தில் பணம் போடாதே என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். இங்கே நாம் போட்டிருப்பது பணம் மட்டும் இல்லையே, நண்பர்களே!

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திட்டினாலும் சரி. :)