கோமோ வரை ஓடிய மோட்டார்

1943-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் போர்ட் பிளேர் ஜிம்கானா மைதானத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மூவர்ணக் கொடியை ஏற்றினார். இச்செய்தி அந்தமானில் வாழும் தமிழ் மக்கள் யாவரும் அறிந்ததே. ஆனால் அந்தக் கொடியேற்றத்துக்கு வழிகோலிய நெடும் பயணம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், ஒரு மோட்டார் வண்டியைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. அவ்வண்டி இன்றும் இருக்கிறது. நெடுங்காலம் ஓடாமல் நின்று, பின்னர் பழுது பார்க்கப்பட்டு மீண்டும் ஓடியது. அதன் வரலாற்றை நேயர்களுடன் சற்றே நினைவுகூர விரும்புகிறோம்.

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் கெம்னிட்ஸ் என்னும் தொழில் நகரம் உள்ளது. அங்கே சைக்கிளும் தட்டச்சுப் பொறியும் செய்து பெயர்பெற்ற வாண்டரர் நிறுவனம், மோட்டார் வண்டிகளையும் செய்தது. 1932-இல் ஆடி, டி.கே.டபிள்யூ., ஹார்ச், வாண்டரர் என்னும் நான்கு பெயர்களும் ஆட்டோ யூனியன் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இணைந்தன. நான்கு வளையங்கள் பிணைந்த அடையாளச் சின்னம் அப்போது பிறந்ததுதான். அந்நிறுவனம் 1937-இல் வெளியிட்ட வாண்டரர் டபிள்யூ 24 என்ற வண்டி ஒன்று கல்கத்தாவின் போஸ் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. நான்கு சிலிண்டர், 42 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். பதிவு எண் பி.எல்.ஏ. 7169. கார் என்பதே செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த அக்காலத்தில், கடல் கடந்து வந்த ஜெர்மானிய வண்டி ஓர் ஆடம்பரமே ஆகும்.

1940 டிசம்பர் மாதத் தொடக்கத்தில், சிறையில் உண்ணாநோன்பு இருந்த சுபாஷ் சந்திர போஸ் விடுவிக்கப்பட்டார். எல்ஜின் சாலை இல்லத்தில் அவர் இருந்தார். வெளியே காவல் துறையின் ஒற்றர்கள் இருந்தனர். நாட்டை விட்டு வெளியேறத் துணிந்த அவர், அண்ணன் சரத் சந்திர போஸின் மகனான சிசிர் குமாரைத் துணைக்கு அழைத்தார். சிசிருக்கு அப்போது வயது இருபது. மருத்துவக் கல்லூரி மாணவர். குடும்பத்தில் ஸ்டூடிபேக்கர் என்னும் பெரிய அமெரிக்க வண்டியும் இருந்தது. ஆனால் அதைக் கண்ட மாத்திரத்தில் இன்னார் வண்டி என்று ஊரார் சொல்லிவிடுவர். ஆகவே தேர்வு வாண்டரர் மீது விழுந்தது.

1941 ஜனவரி 16-ஆம் நாள் நள்ளிரவு கடந்த பின், முகமது ஜியாவுத்தீன் என்ற காப்புறுதி அலுவலரின் வேடத்தில் நேதாஜி வண்டியில் ஏறினார். சிசிர் ஓட்டினார். கிராண்ட் டிரங்க் சாலை வழியே பர்த்வான், அசன்சோல் ஆகிய ஊர்களைத் தாண்டி, விடிந்தபின் தன்பாத் அருகேயுள்ள பராரியை அடைந்தனர். அங்கே சிசிரின் மூத்த சகோதரர் அசோக் வசித்து வந்தார். பகலை அங்கே கழித்து, மறுநாள் இரவு கோமோ நிலையத்துக்குச் சென்றனர். நேதாஜி கால்கா மெயிலில் ஏறி மறைந்தார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். குளிர்கால இரவு, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவு, வழியில் பட்டறை எதுவும் விழித்திருக்காது. கார்புரேட்டரில் ஒரு துளி அழுக்கு அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரயில்வே கேட் மூடிக் காத்திருந்த வேளையில் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் அணைந்திருந்தால்? விசிறிப் பட்டை அறுந்து ரேடியேட்டர் கொதித்திருந்தால்? பாதையோரம் நின்றுபோன வண்டியைச் சுற்றி நாலு பேர் கூடுவர். கூட்டம் கண்டால் காவலரும் வருவர். வேடம் எத்துணைச் சிறப்பாக இருந்தாலும் எஞ்சின் பழுது அதைக் கலைத்துவிடும். ஒரு நாட்டின் வரலாறு அன்றிரவு நான்கு சிலிண்டர்களை நம்பி ஓடியது என்றால் அது மிகையன்று.

கோமோவிலிருந்து பெஷாவர், காபூல், மாஸ்கோ வழியே பெர்லின், 1943 பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல், பின்னர் கிழக்காசியா. அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு பிரகடனம் செய்யப்பட்டது. டிசம்பர் 29-இல் நேதாஜி போர்ட் பிளேரில் வந்திறங்கினார். அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டினார். சென்னை மாகாணத்தவரான மருத்துவர் லோகநாதன், தற்காலிக அரசின் சார்பில் 1944-இல் தீவுகளின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். எனினும் உண்மையான அதிகாரம் ஜப்பானியப் படையிடமே இருந்தது.

வண்டியோ கல்கத்தாவிலேயே தங்கிவிட்டது. குழந்தை மருத்துவராக விளங்கிய சிசிர் குமார் போஸ், 1957-இல் நேதாஜி ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவினார். எல்ஜின் சாலை இல்லமே நேதாஜி பவன் ஆயிற்று. வாண்டரரும் அங்கே காட்சிப் பொருளாக நின்றது.

ஓடாத எஞ்சின் ஓடித் தேய்ந்த எஞ்சினைக் காட்டிலும் விரைவில் கெடும் என்பது பட்டறைக்காரர் அறிந்த உண்மை. சிலிண்டர் சுவரிலிருந்து எண்ணெய் வடிந்து இறங்க, ஈரம் புகுந்து பிஸ்டன் வளையங்கள் துருவேறிப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் உலர்ந்து பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். ரப்பர்க் குழாய்கள் வெடிக்கும். மின்கம்பிகளின் உறை உதிரும். அந்தமானின் உப்புக் காற்றில் வண்டி வைத்திருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை. உதிரிப் பாகத்துக்காகக் கப்பலை எதிர்பார்த்திருப்பதும் அவர்களுக்குப் பழகிய அனுபவமே. வாண்டரருக்கோ எந்தக் கப்பலும் பாகம் கொண்டுவர இயலாது. உலகப் போருக்குப் பின் அப்பெயரில் மோட்டார் வண்டிகள் செய்யப்படவே இல்லை. ஆகவே இத்தகைய வண்டியின் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, தூய்மை செய்து, தேறுவதைத் தேற்றி, தேறாததை அளவெடுத்துப் புதிதாகக் கடைந்து பொருத்த வேண்டும்.

ஆட்டோ யூனியனின் வழித்தோன்றலான ஆடி நிறுவனத்தின் துணையுடன் அந்தத் திருப்பணி நடந்தேறியது. 2017 ஜனவரி 18-இல், தப்பிப் பயணத்தின் 76-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வண்டியைத் திறந்து வைத்து, அதில் ஏறிச் சிறிது தூரம் பயணமும் செய்தார்.

பழைய வண்டியைத் திருத்துவோர்க்கு ஓர் அறம் உண்டு. தேய்ந்த பாகத்தை மாற்றலாம்; துருவின் மேல் வண்ணம் பூசி மறைத்தல் ஆகாது. மறைத்த துரு உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். மூல நூலையும் பெயர்ப்பையும் அருகருகே வைத்துப் பழகிய நமக்கு இது நன்கு விளங்குகிறது. வரலாறு எழுதுவோர்க்கும் அதுவே விதி. நேதாஜி கொடியேற்றிய அந்நாட்களில், தீவு மக்களின் மருத்துவரும் கவிஞருமான திவான் சிங் ஜப்பானியர் பிடியில் செல்லுலர் சிறையில் இருந்தார். சித்திரவதையால் நலிந்து 1944 ஜனவரி 14-இல் அவர் உயிர் நீத்தார். அதே மாதம் 30-ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் ஒற்றர் என்ற பழி சுமத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொடியின் பெருமையைச் சொல்லி இத்துயரை விடுவதும், துயரைச் சொல்லிக் கொடியின் பெருமையை மறுப்பதும் வண்ணம் பூசும் வேலையே.

2018-இல் ராஸ் தீவு நேதாஜியின் பெயரைப் பெற்றது. நீல் தீவு ஷஹீத் தீவாகவும் ஹாவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும் ஆயின. 2024-இல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயர்ப் பலகைகளை ஒரே நாளில் மாற்றிவிடலாம். அவற்றின் பின்னுள்ள நினைவை ஓடும் நிலையில் வைத்திருப்பது நாள்தோறும் செய்யவேண்டிய பணி. பிறந்த மண்ணைப் பிரிந்து தீவுகளிலும் பிற மாநிலங்களிலும் குடியேறிய தமிழ்ப் பெற்றோர், தாம் வாழும் ஊரின் இந்த முழு வரலாற்றையும் தம் மக்களுக்குச் சொல்வார்களாக. பயன்படுத்தாத எஞ்சினுக்கு நேர்வதே, பேசப்படாத நினைவுக்கும் நேரும்.