மூன்று, மூன்று, இரண்டு: தங்கவயல் நடனக்கூடமும் தமிழ் மேடையும்

ஆதி தாளம் போட்டுக்கொண்டே வாயால் ‘தகிட தகிட தக’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் தகிட தட்டில் விழும். இரண்டாவது தகிட நடுவிரலில் வரும். ‘தக’ மறுபடியும் தட்டில் போய் உட்காரும். எட்டு எண்ணிக்கையை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்கும் இந்தக் கணக்கு நம் ஊர் மிருதங்கக்காரருக்கு அரிச்சுவடி. கியூபாவின் நடன இசைக்கும் இதுதான் அரிச்சுவடி. அங்கே இதையே 16 மாத்திரைக்கு நீட்டி 3, 3, 4, 2, 4 என்று இரண்டு மரக்குச்சிகளால் தட்டுவார்கள். அதன் பெயர் கிளாவே. ரும்பா, மாம்போ, சா-சா-சா எல்லாம் இந்தக் குச்சித் தட்டைச் சுற்றித்தான் ஆடுகின்றன.

ஆகவே லத்தீன் தாளம் தமிழ்க் காதுக்கு வந்தபோது அதன் கணக்கு அந்நியமாக இல்லை. அந்நியமாக இருந்தது அது ஒலித்த இடம். நடனக்கூடம், அதன் மெழுகிட்ட மரத்தரை, அந்தக் கூடத்துக்குள் யார் நுழையலாம் என்ற கேள்வி: இவை மூன்றையும் ஒருசேரப் பார்க்க கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயச் சுரங்க நிறுவனம் 1880-இல் இங்கே கால்வைத்தது. கார்ன்வால் பகுதியிலிருந்து ஆங்கிலேயச் சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள். மேற்பார்வை வேலைகளில் ஆங்கிலோ இந்தியர்கள் அமர்ந்தார்கள். வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் மின்சாரத் தெருவிளக்குகள் எரிய இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. ‘குட்டி இங்கிலாந்து’ என்ற பட்டப்பெயர் வெறும் குளிரால் வந்ததல்ல. கோல்ஃப் மைதானம், பங்களாக்கள், 1885-இல் தொடங்கிய கிளப், மாதா கோயில் பாடகர் குழு, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை நீளும் நடன இரவுகள் என்று ஒரு முழு வாழ்க்கையே இங்கு பெயர்த்து வைக்கப்பட்டிருந்தது.

நடன இரவு என்றால் பாண்டு வேண்டும். இசைத்தட்டுப் பெட்டியை வைத்து ஒரு கூடத்தை விடிய விடிய ஆடவைக்க முடியாது. பியானோ, சாக்ஸபோன், டிரம்பெட், டபுள் பேஸ், டிரம்ஸ் ஆகியவற்றோடு அமரும் குழுதான் வால்ட்ஸையும் ஃபாக்ஸ்டிராட்டையும் வாசிக்கும். இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவெங்கும் ஆங்கிலோ இந்திய நடனக்கூடங்களில் ரும்பாவும் சாம்பாவும் நுழைந்தன. 1950-களில் ஜைவும் சா-சா-சாவும் சேர்ந்துகொண்டன. ஆடுபவர்களின் கால்கள் என்ன கேட்டனவோ அதை அந்த இரவுக்குள் வாசித்துக் கொடுத்தாக வேண்டும். கலப்பிசை அங்கே யாரும் அறிவித்து நடந்த சோதனையல்ல, அன்றாட வேலை.

கூடத்துக்கு வெளியே தொழிலாளர்களின் லைன் வீடுகள். அங்கே வேறொரு உலகம். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பிறகு, 1926 முதல், தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் வெளிவந்தது. அதே ஊரின் சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். படிக்கவும் வாதாடவும் அச்சிடவும் தெரிந்த இந்த மக்களுக்கு நடனக்கூடத்தின் கதவு மட்டும் திறக்கவில்லை.

தமிழ் இசை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தச் சுவரைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ‘மேற்கத்தியத் தாக்கம்’ என்ற இரண்டு சொற்களில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். தாக்கம் காற்றில் வருவதில்லை. யாரோ ஒருவர் கையால் வருகிறது. அந்தக் கை யாருடையது, எந்தக் கூடத்தில் பழகியது, அங்கிருந்து எங்கே போய்ச் சம்பளம் வாங்கியது என்று கேட்டால்தான் வரலாறு பிடிபடும்.

முதலில் வெளியுலகம். நியூயார்க்கில் மச்சீட்டோவின் குழுவுக்காக மாரியோ பௌசா 1943-இல் ‘டாங்கா’வை உருவாக்கினார். டிஸி கில்லெஸ்பியும் கியூபத் தாளக்காரர் சானோ போஸோவும் 1947-இல் ‘மான்டேகா’வைப் பதிவு செய்தார்கள். ஜாஸும் லத்தீன் தாளமும் கைகோத்த இடங்கள் இவை. இந்தியாவில் அதற்கு முன்பே நிலம் பண்பட்டிருந்தது. 1935-இல் லியோன் அபேயின் கறுப்பினக் கலைஞர் குழு பம்பாய் தாஜ் ஹோட்டலில் வாசித்தது. அடுத்து பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு வந்தார். 1945-இல் கல்கத்தாவிலேயே காலராவில் இறந்தார். இவர்களிடம் கற்றவர்களில் பலர், கோவாவின் மாதா கோயில் பள்ளிகளில் மேற்கத்திய இசைக்குறிப்பு படித்துத் தேறிய இளைஞர்கள். சிக் சாக்லெட் என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தோனியோ சேவியர் வாஸ் அவர்களில் புகழ்பெற்றவர். இரவில் ஹோட்டலில் டிரம்பெட், பகலில் சினிமா ஸ்டுடியோ. சி. ராமச்சந்திராவின் இசையில் 1951-இல் வந்த ‘அல்பேலா’ இந்திப் படத்தின் பாங்கோ ஒலிக்குப் பின்னால் அவர் இருக்கிறார்.

கோடம்பாக்கத்திலும் இதே பாதைதான். ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ‘அவளுக்கென்ன’ பாடல் காட்சியைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். 1964-ஆம் ஆண்டுப் படம். பாடல் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே தொடங்குகிறது. டி.எம். சௌந்தரராஜன் மைக் முன்னால் நிற்கிறார், எம்.எஸ். விஸ்வநாதன் கையசைத்து நடத்துகிறார், வாத்தியக்காரர்கள் அவரவர் இடத்தில் வாசிக்கிறார்கள். தமிழ் சினிமாவில் வாத்தியக்காரர்களின் முகம் இப்படி நேருக்கு நேர் தெரிந்தது மிக அபூர்வம். எம்.எஸ்.வி. குழுவின் டிரம்ஸ் கலைஞர் நோயல் கிராண்ட் ஓர் ஆங்கிலோ இந்தியர். அதே ஆண்டில் வந்த ‘புதிய பறவை’யில் சௌகார் ஜானகி கிளப்பில் பாடும் ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ பாட்டை, பாடகியை மறந்துவிட்டுத் தாளத்தை மட்டும் கேட்டால், ஒரு முழு லத்தீன் நடனக்குழு கேட்கும். அதன்மேல் பி. சுசீலாவின் குரல், எழுத்துக்கு எழுத்து தமிழாக நிற்கிறது.

இந்தப் பாதைக்கு மொழியிலேயே ஒரு சான்று உண்டு. ஆங்கிலத்தில் ‘காங்கா’ என்று அழைக்கப்படும் உயரமான கியூப மேளத்துக்கு நம் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தும்பா’. “தும்பா யார் வாசிக்கிறது?” என்றுதான் இன்றும் மேடையில் கேட்பார்கள். கியூபாவிலும் அதன் பெயர் தும்படோரா. அந்தக் குடும்பத்தின் பெரிய மேளத்துக்கு தும்பா என்றே பெயர். புத்தகம் வழியாக வந்திருந்தால் ஆங்கிலப் பெயரே ஒட்டியிருக்கும். நடனக்குழுக்காரர்களின் வாய்வழியே வந்ததால்தான் கியூபப் பெயர் தங்கிவிட்டது என்று கருத இடமிருக்கிறது. சா-சா-சாவில் தும்பாவின் வேலை எளிதாகத் தோன்றும். உள்ளங்கையும் விரல்நுனியும் மாறி மாறித் தோலை அமுக்கிக்கொண்டே போய், நான்காம் அடியிலும் அதன் பாதியிலும் இரண்டு திறந்த முழக்கம். அந்த இரண்டு முழக்கத்துக்காகத்தான் ஆடுபவரின் இடுப்பு காத்திருக்கிறது.

1947-க்குப் பிறகு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறத் தொடங்கின. தங்கவயலிலிருந்தும் போனார்கள். சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் வசமாயின. 1962-இல் மத்திய அரசிடம் போயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் ஆயின. நடனக்கூடத்தை நிரப்பிய கூட்டம் மெலிந்தது. ஆனால் அந்தத் தாளம் அதற்குள் வேறு வாகனம் ஏறியிருந்தது. சினிமாப் பாட்டாக ரேடியோவிலும் டூரிங் டாக்கீஸிலும், பிறகு மெல்லிசைக் குழுக்களின் மேடையிலும் அது சுவரைச் சுற்றிக்கொண்டு லைன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஏ.வி. ரமணனின் ‘மியூசியானோ’, கங்கை அமரன் பங்குபெற்ற ‘பாவலர் பிரதர்ஸ்’ போன்ற குழுக்களின் காலம் அது. கோயில் திருவிழாவில் பந்தலுக்கு அடியில் டிரம்ஸ், தும்பா, தபேலா, டோலக் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தன. நடனக்கூடத்தில் இது நடந்திருக்காது.

இலங்கையைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. போர்த்துகீசியரும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கர்களும் விட்டுச்சென்ற பைலா, ஆறுக்கு எட்டு தாளத்தில் துள்ளுவது. நம் குத்துக்கு அது நெருங்கிய உறவு. நித்தி கனகரத்தினமும் ஏ.இ. மனோகரனும் அதைத் தமிழில் பாடினார்கள். ‘சுராங்கனி’யை இளையராஜா 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் சேர்த்தபோது தமிழ்நாடு முழுக்க அந்தத் தாளத்துக்கு ஆடியது.

அமெரிக்க ஃபங்க் இசை வந்த கதை வேறு. ஜேம்ஸ் பிரவுன் 1967-இல் ‘கோல்டு ஸ்வெட்’ பாட்டில் செய்த புரட்சி, அதுவரை இரண்டிலும் நான்கிலும் இருந்த அழுத்தத்தை முதல் அடிக்குக் கொண்டுவந்ததுதான். சமத்தில் வந்து இறங்குவது எத்தனை இன்பம் என்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபங்கில் பேஸ் கிட்டார் பின்வாத்தியமல்ல, பேசும் குரல். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனியாக ஒரு மெட்டு பாடுவதை 1970-களின் கடைசியிலிருந்து தமிழர்கள் கேட்டு வளர்ந்தார்கள். 1980-களின் சென்னையில் சிவமணி, ஜான் ஆன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு ‘ரூட்ஸ்’ குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர்தான் பின்னாளின் ஏ.ஆர். ரகுமான்.

தங்கவயலுக்குப் பக்கத்துப் பெருநகரமான பெங்களூரில் நடந்தது இன்னும் ஆழமானது. மிருதங்கக் கலைஞர் டி.ஏ.எஸ். மணி 1964-இல் அங்கே கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்குஷனைத் தொடங்கினார். அவரும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியும் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவோடு சேர்ந்து 1983-இல் ‘ஜோதி’ என்ற இசைத்தட்டை ஈ.சி.எம். நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்கள். மரியானோ நாகஸ்வரமும் கற்றவர். மறுபக்கம் மங்களூர்ப் பக்கத்து கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பாண்டில் கேட்ட சாக்ஸபோனைக் கச்சேரி மேடைக்கே கொண்டுவந்தார். பெங்களூரில் பிறந்த ஆங்கிலோ இந்திய கிட்டார் கலைஞர் கார்ல்டன் கிட்டோ கல்கத்தாவுக்குப் போய், 2016-இல் இறக்கும்வரை ஜாஸை விடாமல் வாசித்தார். மேற்கே போன வாத்தியமும் கிழக்கே வந்த வாத்தியமும் இந்த ஒரே வட்டாரத்தில் கடந்துபோயிருக்கின்றன.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான அந்தக் குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. மேலே சயனைடு மண்மேடுகள் நிற்கின்றன. மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயில் ஏறி ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

தங்கவயலின் கதை அதோடு முடியவில்லை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு குழு மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பறை, சட்டி, டிரம்ஸ், கிட்டார், கானா, ராப் எல்லாம் ஒரே மேடையில். ராப் பாடகர் அறிவும் கானா பாடகி இசைவாணியும் அந்த மேடையிலிருந்து அறியப்பட்டவர்கள். சாவு வீட்டில் பறையடிக்க மறுப்பதே தன்மானம் என்று ஒரு தலைமுறை போராடியது. அடுத்த தலைமுறை அதே பறையைத் தன் விருப்பத்தால் தோளில் மாட்டியது. குழுவின் பெயர் அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற சொல்லாட்சியிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் எழுத்துகளை அச்சில் உயிரோடு காத்த ஊர் தங்கவயல். நடனக்கூடத்துக்குள் போகமுடியாதிருந்த லைன் வீடுகளின் சிந்தனை, நடனக்கூடத்து டிரம்ஸையும் கிட்டாரையும் தன் பக்கம் அழைத்துக்கொண்டதாகவே இதைப் படிக்க வேண்டும்.

தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும், அங்கிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் கடல்கடந்தும் போன குடும்பங்களிலும், பாண்டில் வாசித்தவர்களும் அதற்கு ஆடியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அலமாரியில் ஒரு நடன இரவின் அழைப்பிதழோ, டிரம்ஸ் முன்னால் எடுத்த புகைப்படமோ, கையால் எழுதிய பாட்டுப் பட்டியலோ இருந்தால் அதைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். யார் வாசித்தார்கள், எந்த ஆண்டு என்று பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.